நல்லவன், கெட்டவன்னு எழுதாம ஒரு கதையை அலசுறது எப்படி

நான் முதல் தடவை ஒரு கதையை அலசி எழுதிக் குடுத்தப்போ ஆறு பக்கம் வந்துச்சு. ரொம்பப் பெருமையா குடுத்தேன். திரும்பி வந்தப்போ கடைசிப் பக்கத்துல சிவப்பு மையில ஒரே ஒரு வரி, "கதையைச் சொல்லிட்டீங்க, கதையைப் பத்தி எப்போ சொல்லப் போறீங்க?"ன்னு. அப்போ கோவம்தான் வந்துச்சு. இப்போ யோசிச்சா அந்த வரி சரியான வரிதான், ஆனா எப்படிச் சொல்றதுன்னு யாரும் சொல்லிக்குடுக்கல, நானா தட்டுத் தடுமாறி கத்துக்கிட்டேன். அதைத்தான் இங்க எழுதுறேன்.

பழகுறதுக்கு தேவதைக் கதைகள்தான் சரிப்படும். குழந்தைங்க கதையில அலச என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. நாலு பக்கத்துல முடிஞ்சுரும், ஒரே நாள்ல நாலு தடவை படிக்கலாம், யாரும் மனசுக்குள்ள பக்கம் பக்கமா பேசிக்கிட்டு இருக்க மாட்டாங்க, எல்லாம் வெளிய நடக்கும், அதனால நம்மளும் கண்ணுக்குத் தெரியுறதை வச்சுத்தான் பேசணும். நாவலுக்கு அப்புறம் போய்க்கலாம்.

ஒரே ஒரு கதையை எடுத்துக்கிட்டு அதை வச்சே காட்டுறேன். ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்துப் போட்ட கிரிம் சகோதரர்கள் தொகுப்புல 55ஆவது கதை. தெரியாதவங்களுக்காக வேகமா சொல்லிடுறேன்: ஒரு ஏழை மாவு மில்லுக்காரன் ராஜா முன்னாடி தன்னைப் பெரிய ஆளா காட்டிக்க "என் பொண்ணு வைக்கோலை ராட்டையில நூத்து தங்கமாக்கிடுவா"ன்னு அளந்து விடுறான், ராஜா அவளை வைக்கோல் ரூம்ல போட்டுப் பூட்டி காலையில தங்கம் இல்லைன்னா சாவுதான்னு சொல்லிடுறான், அவ அழுதுக்கிட்டு இருக்கப்போ ஒரு குட்டி மனுசன் வந்து கழுத்துல கிடந்த மாலையை வாங்கிக்கிட்டு நூத்துக் குடுக்குறான், ராஜாவுக்கு ஆசை அடங்கல, அடுத்த நாள் இன்னும் பெரிய ரூம், இந்தத் தடவை மோதிரம், மூணாவது நாள் அதைவிடப் பெரிய ரூம், ஜெயிச்சா கல்யாணம், இந்தத் தடவை அவ கையில குடுக்க ஒண்ணும் இல்ல, அதனால பொறக்கப்போற மொதப் பிள்ளையைக் குடுக்குறேன்னு வாக்கு குடுக்குறா. ராணி ஆயிடுறா, பிள்ளை பொறக்குது, குட்டி மனுசன் வந்து கேக்குறான். அவ அழ, அவன் மனசு எளகி மூணு நாள் டைம் குடுத்து, என் பேரைக் கண்டுபிடிச்சா பிள்ளையை விட்டுடுறேங்குறான். ராணி அனுப்புன ஆள் ஒருத்தன் காட்டுல அவன் நெருப்பைச் சுத்தி ஆடிக்கிட்டே தன் பேரைப் பாடுறதைக் கேட்டுட்டு வந்து சொல்லிடுறான். பேரைச் சொன்னதும் அவன் ஆத்திரத்துல தன்னையே ரெண்டா கிழிச்சுக்கிறான். முடிஞ்சது.

இப்போ கவனிங்க, நான் மேல எழுதுனது வெறும் கதைச்சுருக்கம். அலசல் இன்னும் ஒரு வரி கூட ஆரம்பிக்கல. நம்ம ஆளுங்க எழுதுறதுல முக்காவாசி இங்கயே நின்னுடும், கடைசியில "இதிலிருந்து பேராசை கூடாது என்று தெரிகிறது"ன்னு ஒரு வால் மட்டும் ஒட்டிக்கும்.

முதல் வேலை, உறுத்துன எடத்தைக் குறிச்சு வைக்கிறது. ஒரு தடவை சும்மா படிங்க, பேனா எல்லாம் வேணாம். படிச்சு முடிச்சதும் எந்த எடம் மனசுல நெருடுச்சோ அதை மட்டும் ஒரு வரியில எழுதுங்க. "என்னடா இது, இது சரியில்லையே"ன்னு தோணுன எடம். புரியாத எடமாவும் இருக்கலாம், எரிச்சல் வந்த எடமாவும் இருக்கலாம். இந்தக் கதையில எனக்கு நெருடுனது ராஜா. பொண்ணைக் கொன்னுடுவேன்னு ரெண்டு ராத்திரி மிரட்டுனவனை அவ கல்யாணம் பண்ணிக்கிறா, அதைக் கதை ஒரு பரிசு மாதிரி சொல்லுது. யாரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. உங்களுக்கு வேற எடம் உறுத்தலாம், அது பரவால்ல, சொல்லப்போனா அதுதான் நல்லது, ஏன்னா அங்க இருந்துதான் உங்க அலசல் உங்க அலசலா ஆகும். ஒண்ணுமே உறுத்தலைன்னா வேற கதை எடுங்க.

ரெண்டாவது தடவை படிக்கிறப்போ பேனா எடுத்துக்கோங்க. ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு பத்தி, அதுல வினைச்சொல் மட்டும். நல்லவன், கெட்டவன், பாவம், கொடூரமானவன்னு குணம் சொல்ற வார்த்தை ஒண்ணு கூட வரக்கூடாது. நான் சொல்ற மொத்த விஷயத்துலயும் இது ஒண்ணைச் செஞ்சா கூட போதும்னு சொல்வேன், ஏன்னா குணத்தை எழுதிட்டோம்னா நம்ம மூளை தீர்ப்பு சொல்லியாச்சுன்னு படுத்துக்கும், வினைச்சொல் எழுதுனா சாட்சி சேர்த்துக்கிட்டே இருக்கும்.

போட்டுப் பாப்போம். மில்லுக்காரன்: பொய் சொல்றான். அவ்ளோதான், அதுக்கப்புறம் கதையில ஆளையே காணோம். ராஜா: கூப்பிடுறான், பூட்டுறான், மிரட்டுறான், மறுபடி பூட்டுறான், மறுபடி மிரட்டுறான், மறுபடி பூட்டுறான், கட்டிக்கிறான். பொண்ணு: அழுறா, குடுக்குறா, குடுக்குறா, வாக்கு குடுக்குறா, மறக்குறா, கெஞ்சுறா, ஆள் அனுப்புறா, பேரைச் சொல்றா. குட்டி மனுசன்: கேக்குறான், நூக்குறான், சொன்ன சொல்லைக் காப்பாத்துறான், பிள்ளையைக் கேட்டு வர்றான், எரக்கப்படுறான், டைம் குடுக்குறான், பாடுறான், தன்னையே கிழிச்சுக்கிறான்.

இப்போ இந்தப் பட்டியலை மட்டும் பாருங்க, கதையை மறந்துடுங்க. பொய்யும் சொல்லாம, மிரட்டவும் செய்யாத ஒரே ஆண் யாரு? சொன்ன சொல்லைச் செஞ்சது யாரு? எரக்கப்பட்டதுன்னு கதை வெளிப்படையா சொல்றது யாரை? மூணுக்கும் ஒரே பதில்தான், கடைசியில செத்துப்போற வில்லன். எனக்கு இது முதல்ல தெரிஞ்சப்போ தூக்கம் போச்சு.

இங்க ஒரு பள்ளம் இருக்கு, நெறய பேர் விழுவாங்க, நானும் விழுந்திருக்கேன். "ஆஹா, அப்போ வில்லன்தான் நிஜ ஹீரோ"ன்னு சட்டுனு திருப்பிப் போட்டுடுறது. அது அலசல் இல்ல, லேபிளை இந்தப் பக்கம் இருந்து எடுத்து அந்தப் பக்கம் ஒட்டுறது. அவன் சொல் தவறாதவன்தான், ஆனா கழுத்துல கத்தி இருக்கிற பொண்ணுகிட்ட பிள்ளையைப் பேரம் பேசுனவனும் அவன்தான். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கு. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல எழுத முடிஞ்சாத்தான் அந்தக் கேரக்டரைப் புடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

அடுத்தது, யாருக்கு என்ன வேணும், அதுக்கு யாரு விலை குடுத்தாங்க. இந்த ரெண்டு கேள்வியும் சேர்ந்தே வரணும். மில்லுக்காரனுக்கு வேண்டியது மரியாதை, விலை குடுத்தது அவன் பொண்ணு. ராஜாவுக்கு வேண்டியது தங்கம், அவன் ஒரு காசு குடுக்கல, மில்லுக்காரன் பொண்ணா இருந்தாலும் இவளைவிடப் பணக்காரி ஒலகத்துல கிடைக்க மாட்டான்னு கணக்குப் போட்டுத்தான் கட்டிக்கிறான். பொண்ணுக்கு வேண்டியது உசுரு, விலை மாலை, மோதிரம், கிட்டத்தட்ட பிள்ளை. குட்டி மனுசனுக்கு வேண்டியது தங்கம் இல்ல, ராணி ராஜ்யத்துல இருக்கிற எல்லாச் செல்வமும் தர்றேன்னு சொல்றப்போ, ஒலகத்துச் செல்வம் எல்லாத்தையும்விட உசுருள்ள ஒண்ணுதான் எனக்குப் பெருசுங்குறான், அதுக்கு அவன் குடுத்த விலை அவன் ஒடம்பு. வைக்கோலைத் தங்கமாக்கத் தெரிஞ்சவனுக்குத் தங்கத்தால ஆகவேண்டியது ஒண்ணும் இல்ல. இந்த ஒரு விஷயத்தை வச்சே ரெண்டு பக்கம் எழுதலாம்.

இன்னொண்ணும் தெரியுது பாருங்க. பிரச்சனையை ஆரம்பிச்ச ரெண்டு பேரும், பொய் சொன்ன அப்பனும் ஆசை புடிச்ச ராஜாவும், ஒண்ணுமே குடுக்கல. கதை அவங்களைத் தண்டிக்கவும் இல்ல. என்னை உறுத்துன எடம் ஞாபகம் இருக்கா, அது இங்க வந்து சேருது.

சரி, தீமுக்கு வருவோம். தீம்னா ஒரு வார்த்தை இல்ல. "பேராசை", "அன்பு", "துரோகம்" இதெல்லாம் தலைப்பு. தலைப்பைப் பத்தி இந்தக் கதை என்ன சொல்லுதுன்றதுதான் தீம், அது ஒரு முழு வாக்கியமா இருக்கணும், அதுக்கு எதிரா ஒருத்தர் வாதாட முடியணும். "பேராசை கெட்டது"ன்னு எழுதுனா யாரு எதிர்த்து வாதாடப் போறா? அப்போ அது செத்த வாக்கியம். அதுவும் இந்தக் கதையில பேராசைக்காரன் நல்லாத்தானே இருக்கான்.

நான் முதல்ல எழுதுன வாக்கியம் இது: பலம் உள்ளவங்க பண்ணுன தப்புக்கு, பலம் இல்லாத ரெண்டு பேரு ஒருத்தர்மேல ஒருத்தர் பாய வேண்டியதாகுது. கேக்க நல்லா இருக்கு. ஆனா எழுதுன உடனே சந்தோசப்படாம அதை உடைச்சுப் பாக்கணும். ஒத்து வர்ற மூணு எடம் தேடுங்க, ஒத்து வராத ஒரு எடமாவது தேடுங்க. ஒத்து வராத எடம் கண்டிப்பா இருக்கும். இங்க என்னன்னா, குட்டி மனுசன் எப்படிப் பலம் இல்லாதவன்? தங்கம் நூக்குறவன், பூட்டுன ரூமுக்குள்ள வந்து போறவன். அந்தப் பொண்ணும் கதை முடியுறப்போ ராணி, ஆள் அனுப்புற அளவுக்கு அதிகாரம் இருக்கு. அப்போ "பலம் இல்லாத"ங்குற வார்த்தை உதவாது. மாத்துனேன்: இந்தக் கதையில அரண்மனைக்கு உள்ள இருக்கிறவங்க தப்பு கணக்குலயே வராது, வெளிய இருக்கிறவன் தப்பு மட்டும்தான் கணக்கு. அந்தப் பொண்ணு வெளிய இருந்தப்போ குடுத்துக்கிட்டே இருந்தா, உள்ள போனதும் குடுத்த வாக்கைக் கூட மீற முடிஞ்சது, கதையும் கை தட்டுது. இது முதல் வாக்கியத்தைவிட ஸ்ட்ராங், எதிர்த்து வாதாடவும் முடியும், ஒருத்தர் "அவ பிள்ளையைக் காப்பாத்துன தாய், அதைப் போய் வாக்கு மீறுனதுன்னு எப்படிச் சொல்லலாம்"னு சண்டைக்கு வரலாம். வரட்டும். அந்தச் சண்டை வந்தா வாக்கியம் உசுரோட இருக்குன்னு அர்த்தம்.

ஒரே கதைக்கு ஒரே தீம்தான்னும் இல்ல. பேரை வச்சுப் பாருங்க. அந்தக் கதையில ராஜாவுக்குப் பேர் இல்ல, மில்லுக்காரனுக்கு இல்ல, பொண்ணுக்கும் இல்ல, பிள்ளைக்கும் இல்ல. பேர் இருக்கிறது ஒருத்தனுக்கு மட்டும், அந்தப் பேர்தான் அவனைக் கொல்லுது. இதை எடுத்துக்கிட்டு வேற ஒரு வழியில முழுசா போகலாம், நான் போகல, உங்களுக்கு விட்டுடுறேன்.

அப்புறம் வெர்ஷன். இது தெரியாம தேவதைக் கதையை அலசக் கூடாது, அடிச்சுச் சொல்றேன். இந்தக் கதைகளுக்கு ஒரே மூலம்னு ஒண்ணு கிடையாது, ஒவ்வொரு தொகுப்புலயும் மாறியிருக்கும், எங்க மாறியிருக்கோ அங்கதான் அந்தக் காலத்து ஆளுங்களுக்கு எது உறுத்துச்சுன்னு தெரியும். கிரிம் சகோதரர்களோட தொகுப்பு முதல்ல 1812ல வந்துச்சு, அதுல இருந்து 1857 வரைக்கும் ஏழு பதிப்பு, ஒவ்வொண்ணுலயும் கை வச்சுக்கிட்டே இருந்தாங்க. 1812ல நம்ம குட்டி மனுசன் கோவத்துல ஓடிப்போறான், திரும்ப வரவே இல்ல, அவ்ளோதான். தன்னைக் கிழிச்சுக்கிறது அடுத்த பதிப்புல வந்தது. ஓடிப்போறவனுக்கும் கிழிச்சுக்கிறவனுக்கும் எவ்ளோ வித்தியாசம், ஓடிப்போனா அவன் வெளிய எங்கயோ இருக்கான், கிழிச்சுக்கிட்டா தொல்லை ஒழிஞ்சது. நான் மேல சொன்ன தீம் வாக்கியம் ரெண்டாவது வெர்ஷனுக்குத்தான் நல்லா பொருந்தும்.

இதைவிடப் பெரிய மாத்தம் ஸ்னோ ஒயிட்ல, ராணி மாயக் கண்ணாடிகிட்ட யாரு அழகின்னு கேக்க, அது அந்தச் சின்னப் பொண்ணைச் சொல்லிடுற கதை. 1812ல பொண்ணைக் கொல்லச் சொல்றது சித்தி இல்ல, பெத்த அம்மாவே. 1819 பதிப்புல பெத்தவளைச் சாகடிச்சு, சித்தியைக் கொண்டு வந்துட்டாங்க. "சித்தி கேரக்டரின் பொறாமை"ன்னு யாராவது நாலு பக்கம் எழுதுனா, எந்த வெர்ஷன்னு கேளுங்க. அம்மான்னு படிச்சா அந்தக் கண்ணாடி காட்சிக்கு அர்த்தமே வேற ஆயிடும், வயசாகுற ஒருத்தி தன் வயித்துல பொறந்ததையே போட்டியா பாக்குறது. சித்தின்னு மாத்துனதும் கதை கொஞ்சம் பாதுகாப்பா ஆயிடுது, கெட்டது வெளிய இருந்து வந்துச்சுன்னு சமாதானம் சொல்லிக்கலாம்.

சின்னம், குறியீடு பத்திப் பேசாம இருக்க முடியாது, ஆனா இதுல நான் கொஞ்சம் கஞ்சம். ரோஜா வந்தா காதல், காடு வந்தா ஆழ்மனசு, சிவப்பு வந்தா அதுன்னு ஃபார்முலா மாதிரி எழுதுறதைப் பாத்தா எனக்கு அலர்ஜி. இதுக்கு ஒரு பிரபலமான சறுக்கல் இருக்கு. ரெட் ரைடிங் ஹூட் கதையில அந்தச் சிவப்புத் தொப்பியை வச்சு உளவியல் ஆளுங்க பொண்ணு வயசுக்கு வர்றதைப் பத்தி நெறய எழுதுனாங்க, எரிக் ஃப்ரோம் 1951ல அப்படித்தான் விளக்கம் குடுத்தாரு. அப்புறம் 1984ல ராபர்ட் டார்ன்டன்ங்குற வரலாற்று ஆய்வாளர், ஃபிரான்ஸ்ல கிராமத்து ஆளுங்க வாய்வழியா சொல்லிக்கிட்டு இருந்த கதையில சிவப்புத் தொப்பியே கிடையாதுன்னு காட்டுனாரு. ஃபிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697ல அச்சுல போட்ட வெர்ஷன்லதான் அது இருக்கு. இல்லாத தொப்பிக்கு அர்த்தம் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அதனால தொப்பியைப் பத்தி எழுதவே கூடாதுன்னு இல்ல, எழுதலாம், ஆனா பெரோவோட கதைன்னு சொல்லி எழுதுங்க, மனுசகுலத்தோட ஆழ்மனசுன்னு தூக்கிட்டுப் போகாதீங்க. ஒரு பொருள் குறியீடான்னு பாக்க என்கிட்ட ஒரு சாதாரண சோதனை இருக்கு: அது கதையில எத்தனை தடவை வருது, ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாறுதா? நம்ம கதையில ரூம் மூணு தடவை வருது, ஒவ்வொரு தடவையும் பெருசாகுது. அப்போ அந்த ரூம் ஏதோ சொல்லுது. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போற நாற்காலி பெரும்பாலும் நாற்காலிதான்.

நீதியும் தீமும் ஒண்ணுன்னு நினைக்கிறது இன்னொரு பழக்கம். சின்ன வயசுல இருந்து காக்கா நரி கதையைச் சொல்லி "முகஸ்துதிக்கு மயங்காதே"ன்னு முடிச்சு நம்மளைப் பழக்கிட்டாங்க. ஆனா காக்கா வாயில இருந்தது காக்கா சொத்தா? அதுவே திருடிட்டு வந்தது. திருடுனவன்கிட்ட இருந்து ஏமாத்தி எடுத்த கதையில, முதல்ல பறிகொடுத்தவங்களைப் பத்தி நீதி ஒரு வார்த்தை சொல்லல. நீதின்றது கதையோட முடிவுல யாரோ ஒட்டுன சீட்டு, தீம் உள்ள இருக்கிறது. பெரோ இதுல கில்லாடி. ஒவ்வொரு கதைக்கும் கடைசியில செய்யுள்ல நீதி எழுதுவாரு, சிண்ட்ரெல்லாவுக்கு ரெண்டு எழுதியிருக்காரு. முதல் நீதி, அழகைவிட நல்ல பண்பு பெருசுன்னு. ரெண்டாவது நீதி என்ன தெரியுமா, அறிவு, தைரியம், நல்ல குடும்பம் எல்லாம் இருந்தாலும் கைதூக்கி விட ஒரு ஆள் இல்லைன்னா முன்னேற முடியாதுன்னு. எழுதுனவரே தன் நீதியைத் தானே கவுக்குறாரு, அப்புறம் நம்ம எதுக்கு ஒரே நீதியைக் கட்டிக்கிட்டு அழணும்.

இடையில ஒரு கருவியைச் சொல்லிடுறேன், பரிச்சைக்கு எழுதுறவங்களுக்கு உபயோகப்படும். விளாதிமிர் ப்ராப்னு ஒரு ரஷ்ய ஆய்வாளர், 1928ல நூறு ரஷ்ய மாயக்கதைகளை எடுத்துப் பிரிச்சுப் பாத்து, எல்லாத்துலயும் மொத்தம் 31 செயல்கள்தான் வருது, அதைச் செய்யுறதுக்கு ஏழு வகை பாத்திரம்தான் இருக்குன்னாரு: வில்லன், மாயப்பொருள் குடுக்கிறவர், உதவி பண்றவர், தேடப்படுற இளவரசி, ஹீரோவை அனுப்பி வைக்கிறவர், ஹீரோ, போலி ஹீரோ. இந்தப் பட்டியலை மனப்பாடம் பண்ணி கதைமேல ஒட்டுறதுல பிரயோஜனம் இல்ல. எங்க ஒட்ட மாட்டேங்குதோ அதுதான் விஷயம். ஒரே ஆள் ரெண்டு வேலை பாக்கலாம்னு ப்ராப்பே சொல்றாரு, நம்ம குட்டி மனுசன் முதல் பாதியில உதவி பண்றவன், ரெண்டாவது பாதியில வில்லன், ராஜா வில்லன் வேலையும் பாக்குறான், கடைசியில கிடைக்கிற பரிசும் அவன்தான். இந்த ஓட்டை தெரிஞ்சதும் கருவியைக் கீழ வச்சுட்டு எழுத ஆரம்பிங்க.

தேவதைக் கதையில இருந்து கதை, நாவல்னு நகரும்போது என்ன மாறுதுன்னு ஒரு ஜோடியை வச்சுச் சொல்றேன். கிரிம் தொகுப்புல ஏழு அண்டங்காக்கைகள்னு ஒரு கதை, காக்கையா மாறிப்போன அண்ணன்களைத் தேடிப் போற தங்கச்சி, கண்ணாடி மலை கதவைத் திறக்க வேண்டிய எலும்பைத் தொலைச்சுடுறா, உடனே தன் சுண்டு விரலை வெட்டி அதையே சாவியா போட்டுத் திறந்துடுறா. வலிச்சுச்சா? ரத்தம் வந்துச்சா? ஒரு வார்த்தை இல்ல. இப்போ டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837ல எழுதுன கடல்கன்னி கதையை எடுங்க, அவளுக்குக் கால் கிடைக்குது, ஆனா ஒவ்வொரு அடி வைக்கிறப்பயும் கத்திமேல நடக்குற மாதிரி வலி, அதோட சிரிச்சுக்கிட்டே ஆடுறா. முதல்ல சொன்னது யார் யாரோ சொல்லிச் சொல்லி வந்த கதை, கேரக்டருக்கு உள்பக்கமே கிடையாது, செயல்தான் எல்லாம். ரெண்டாவது ஒரு எழுத்தாளர் உக்காந்து எழுதுனது, ஒடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றாரு. அதனால தங்கச்சியைப் பத்தி "அவளது மனப்போராட்டம்"னு எழுதுனா அது நீங்களா போட்டது, கடல்கன்னியைப் பத்தி எழுதாம விட்டா அது உங்க தப்பு. கேரக்டர் தட்டையா இருக்குன்னு தேவதைக் கதையைக் குறை சொல்றவங்களுக்கும் இதான் பதில்.

இன்னைக்கு நம்ம படிக்கிற சிறுகதை, நாவல்ல கூட ஒரு கேள்வி சேர்ந்துக்கும்: இதை யாரு சொல்றா, அவங்களுக்கு இதைச் சொல்றதுல என்ன லாபம்? 1818ல வந்த ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் இதுக்கு அருமையான எடுத்துக்காட்டு, விக்டர்ங்குற ஒருத்தன் ஒரு உயிரை உருவாக்கிட்டு அதைக் கைவிட்டுடுறான். அந்த உயிரைப் பத்தி நமக்குச் சொல்றது விக்டர், விக்டர் சொன்னதை எழுதி அனுப்புறது கப்பல்ல போற வால்டன், நடுவுல அந்த உயிரே தன் கதையைச் சொல்லுது, ஆனா அதுவும் விக்டர் வாய் வழியாத்தான் நமக்கு வருது. அதுக்கு ஒரு பேர் கூட யாரும் வைக்கல. அப்போ "அது கொடூரமானது"ன்னு எழுதுறப்போ, யாரு சொல்லி நமக்குத் தெரியும்னு ஒரு நிமிசம் நிக்கணும். வினைச்சொல் பட்டியல் போடுறப்போ பக்கத்துல இன்னொரு பத்தி சேர்த்துக்கோங்க, இதைச் சொன்னது யாருன்னு.

மாத்தம்ங்குறதை நாவல்ல தேடுறப்போ ஹீரோகிட்ட மட்டும் தேடாதீங்க. காஃப்காவோட உருமாற்றம் 1915ல வந்துச்சு, ஒருத்தன் காலையில முழிச்சா பூச்சியா மாறிக் கெடக்குறான், அவனுக்கு வர்ற பெரிய கவலை என்ன, ட்ரெயின் போயிடுச்சே, வேலைக்கு லேட் ஆயிடுச்சேன்னு. முதல் சில பக்கத்துலயே கேரக்டர் முடிஞ்சது. தேவதைக் கதையா இருந்தா கடைசியில யாராவது வந்து அவனை மனுசனா மாத்துவாங்க. இங்க யாரும் மாத்தல. ஆனா தங்கச்சியைப் பாருங்க, முதல்ல சாப்பாடு கொண்டு வந்து வைக்கிறவ அவதான், கடைசியில இதை ஒழிச்சாகணும்னு முதல்ல வாய் திறந்து சொல்றதும் அவதான். கதையோட கடைசி வரியில அவதான் எழுந்து ஒடம்பை முறிச்சு நிக்கிறா. தலைப்புல சொன்ன உருமாற்றம் யாருக்கு நடந்ததுன்னு கேட்டா அலசல் தொடங்கிருச்சு.

மறுபடி எழுதப்பட்ட கதை கையில கிடைச்சா விடாதீங்க, அலசல்ல பாதியை அந்த எழுத்தாளரே பண்ணி வச்சிருப்பாரு. புதுமைப்பித்தனோட சாப விமோசனம் படிச்சவங்களுக்குத் தெரியும், கல்லா கெடந்து சாபம் தீந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னாங்கன்னு கேட்டதும் மறுபடி கல்லாயிடுறா. பழைய கதையில முடிஞ்சு போச்சுன்னு நினைச்சதை அவர் எந்த எடத்துல திறக்குறாருன்னு பாத்தாலே அவருக்கு எது உறுத்துச்சுன்னு தெரிஞ்சுரும். முதல்ல சொன்னேனே உறுத்துன எடம்னு, அதே வேலைதான், அவரு கதையா எழுதுனாரு, நம்ம கட்டுரையா எழுதுறோம்.

எழுதுறதைப் பத்திக் கொஞ்சம். முதல் வரியிலயே உங்க தீம் வாக்கியத்தை வச்சுடுங்க, "கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியில் பிறந்தார்கள்"ன்னு ஆரம்பிக்காதீங்க, அது யாருக்கும் வேணாம். ஒவ்வொரு பத்தியிலயும் நீங்க சொல்ற ஒரு விஷயம், அதுக்குக் கதையில இருந்து ஒரு எடம், அந்த எடம் ஏன் நீங்க சொன்னதைக் காட்டுதுன்னு ரெண்டு மூணு வரி. இந்த மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, மேற்கோளைப் போட்டுட்டு அடுத்த பத்திக்கு ஓடிடுவாங்க, நான் போட்டதைப் பாத்தாலே புரியுமேன்னு. புரியாது. கதையைச் சொல்றீங்களா, கதையைப் பத்திச் சொல்றீங்களான்னு பாக்க ஒரு சுலபமான வழி, "அப்புறம்", "அதன் பிறகு"ன்னு ஆரம்பிக்கிற வாக்கியம் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. நிறைய இருந்தா நீங்க கதை சொல்லிக்கிட்டு இருக்கீங்க. "ஏன்னா", "ஆனா" நிறைய இருந்தா சரியான பாதை. உங்க தீமுக்கு ஒத்து வராத அந்த ஒரு எடத்தையும் மறைக்காம எழுதுங்க, நீங்க அதைப் பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சா படிக்கிறவங்களுக்கு உங்கமேல நம்பிக்கை வரும், மறைச்சா அவங்களே கண்டுபிடிச்சு உங்களை மடக்கிடுவாங்க.

பழகிப் பாக்கணும்னா ஹான்சல் அண்ட் கிரெட்டல் எடுத்துக்கோங்க. சோத்துக்கு வழி இல்லாம, பிள்ளைங்களைக் காட்டுல விட்டுடலாம்னு அப்பாகிட்ட சொல்றா வீட்டுல இருக்கிற பொம்பளை, காட்டுல பிள்ளைங்க ஒரு சூனியக்காரிகிட்ட மாட்டிக்கிறாங்க. எல்லாரும் சூனியக்காரியையும் அந்தப் பொம்பளையையும் பத்தித்தான் எழுதுவாங்க, அந்தப் பொம்பளையும் 1812ல பெத்த அம்மாதான், 1840 பதிப்புலதான் சித்தி ஆனா, சூனியக்காரி செத்து பிள்ளைங்க வீடு திரும்புறப்போ அவளும் செத்துக் கெடக்குறா, அந்த ரெண்டு சாவுக்கும் என்ன தொடர்புன்னும் யோசிக்கலாம். ஆனா நீங்க அப்பாவுக்கு மட்டும் வினைச்சொல் பட்டியல் போடுங்க. முதல் தடவை மறுக்குறாரு, அப்புறம் சம்மதிக்கிறாரு, முதல் தடவை சம்மதிச்சதால ரெண்டாவது தடவையும் சம்மதிக்க வேண்டியதாப் போச்சுன்னு கதையே சொல்லுது, ரெண்டு தடவையும் பிள்ளைங்களைக் காட்டுல விட்டுட்டு வர்றாரு, வருத்தப்படுறாரு. கடைசியில பிள்ளைங்க முத்தும் ரத்தினமுமா கொண்டு வந்து அவர் முன்னாடி கொட்டுறாங்க. யாருக்கு என்ன வேணும், யாரு விலை குடுத்தான்னு அதுக்குக் கீழ எழுதிட்டு, உங்க தீம் வாக்கியத்தை முயற்சி பண்ணுங்க. எனக்கு நாலாவது தடவைதான் உருப்படியா ஒண்ணு வந்துச்சு.